குளத்து அலைகரைப் புற்றரையும் நீர்மட்டமும்

(சிறுகுளங்களின் கீழ்ப் பயிரிடும் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



வன்னிப் பகுதியிற் சிறுகுளமொன்றின் கீழ் நெல் விளைவிப்போரும், அக்குளத்தை அண்டிய மேட்டுக்காணியிற் கிணற்று நீரைக்கொண்டு மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றைப் பயிரிடுவோரும் இங்கு வந்திருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நெல்லுமன்று, மரக்கறியுமன்று. குளக்கட்டுக்கு உட்புறத்தில், நீர் வற்ற வற்ற வெளிப்படும் தாழ்நிலப் புற்றரையைப் பற்றியே பேசப்போகின்றேன். புல்லைப்பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று எண்ணுவோர், சென்ற ஆவணி மாதத்திலே தமது தோட்டத்து வேலி எத்தனை முறை பிரிந்தது என்பதை ஒருகால் நினைத்துப் பார்க்கவும். பசித்த மாடு வேலியை மதிப்பதில்லை. அதன் பின்னர் நிகழும் வழக்கும் வம்பும் நீங்கள் அறியாதனவல்ல.

மாட்டின் பசியை ஆற்றும் புல் அலைகரையில் எவ்வளவு உண்டாகும், எத்தனை மாதத்துக்குக் கிடைக்கும் என்பவற்றை மழை ஓரளவுக்குத் தீர்மானிக்கின்றது. எஞ்சியதைத் தீர்மானிப்பது துருசைத் திறக்கும் நம் கையாகும். இதனை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் ஆண்டின் ஓட்டத்தைக் கவனிப்போம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையினாற் குளம் நிறைகின்றது. அலைகரைப் புல் முழுவதும் நீரில் அமிழ்ந்துவிடுகின்றது. அதே காலத்தில் வயல்களிற் காலபோக நெல் நிற்பதனால் மாடுகள் காட்டையும் மேட்டுத்தரையையும் நாடுகின்றன. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அரிதாள் வயல்கள் அவற்றுக்குத் திறந்துவிடப்படுகின்றன. சித்திரையிற் சிறுபோகம் விதைத்தால் வயல்வாசல் மறுபடியும் அடைபடுகின்றது. அவ்வேளையிற் சிறுபோகத்துக்காகக் குளத்து நீர் இறங்கத் தொடங்கும். இறங்கிய இடத்தில் ஈரத்துடன் கூடிய தரை வெளிப்படும். அதிற் புல் முளைக்கும். வயல் அடைபடும்போது குளத்தரை திறக்கும் இவ்வொழுங்கை நம் முன்னோர் அறிந்து பயன்படுத்தி வந்தனர். இது குலைவது எங்கே என்றால், சித்திரையிலிருந்து ஆவணி வரை சிறிது சிறிதாக இறங்கவேண்டிய நீர் ஆனி மாதத்துக்குள்ளேயே அடித்தட்டுக்கு வந்துவிடும் இடத்திலாகும். அப்பொழுது புல்லெல்லாம் ஒரே சமயத்தில் முளைத்து, ஒரே சமயத்தில் முற்றி, ஆடிக் காற்றிற் காய்ந்துபோகும். சிறுபோக வெட்டு முடியும் வரையிலான இடைக்காலத்தில் மாட்டுக்கு ஓரிடமும் இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. சிறுகுளங்களின் உட்தரை மிகச் சாய்வு குறைந்தது. உங்கள் குளத்தரை 200 அடி தூரத்துக்கு 1 அடி மாத்திரமே சாய்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 1 அடி இறங்கினால் நீரோரம் 200 அடி பின்வாங்கும். நீரோரத்தின் நீளம் 1,000 அடியாயின் வெளிப்படும் நிலம் 2,00,000 சதுர அடி, அதாவது நாலரை ஏக்கருக்குச் சற்று மேல். துருசிலே ஒரு அடி என்பது சிறிய அளவு. மேய்ச்சலிலோ அது நாலரை ஏக்கர்.

நீர் நாளொன்றுக்கு 1 அங்குலம் வீதம் இறங்கினால், இந்த நாலரை ஏக்கரும் 12 நாளில் வெளிப்பட்டுவிடும். புதிதாக வெளிப்பட்ட தரையில் அறுகு தளிர்த்து மாடு கடிக்கத்தக்க அளவுக்கு உயர 3 அல்லது 4 கிழமை வேண்டும். ஆகவே முதற் பட்டையிற் புல் தயாராகுமுன் அதற்குக் கீழே இரண்டாம் பட்டையும் வெளிப்பட்டு வெய்யிலிற் காயத் தொடங்கிவிடும். களித்தரை விரைவாகக் காய்ந்தால் வெடிக்கும். வெடித்த தரையில் அறுகின் ஓடுதண்டு வேர் பிடிப்பது கடினம். வெறுமையாய்க் கிடக்கும் இடத்தை எவருக்கும் வேண்டாத களைகளே பிடித்துக்கொள்ளும். வவுனியாப் பகுதியினருக்குப் பார்த்தீனியத்தைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாறாக, 1 அடி இறங்க 3 அல்லது 4 கிழமை செல்லுமாயின், ஒரு பட்டையிலே புல் மேயப்படும்போது அடுத்த பட்டையிற் புல் தளிர்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே ஈரம் காத்திருக்கும். மாடுகள் நீரோரத்தைத் தொடர்ந்து ஒவ்வொரு பட்டையாகக் கீழிறங்கி மேயலாம்.

இவ்வாறு சொன்னவுடன், “மாட்டுக்காக நெல்லுக்கு நீர் கொடாதிருப்பதா?” என்று கேட்பீர்கள். நெல்லுக்கு வேண்டிய நீரை நெல்லுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் இரவு முழுவதும் துருசு திறந்தபடி கிடந்து, கடைமடையைக் கடந்து கழிவுவாய்க்காலில் ஓடும் நீரை நெல் கேட்கவில்லை. முறை வைத்துப் பாய்ச்சினால் நெல்லும் குறைவின்றி விளையும். நீரும் மெதுவாக இறங்கும். குளத்தில் நீர் குறைவாயுள்ள ஆண்டிற் சிறுபோக நிலத்தைச் சுருக்கி, துருசுக்கு அண்மையிலுள்ள வயல்களை எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடக்கூடாது. பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத நெல்லை, அல்லது அதனிலும் குறுகிய வயதுடைய பீ.ஜீ. 250 ஐத் தெரிந்தால் குளத்துக்கு அத்தனை நாட் சுமை குறையும். மேட்டு வயல்களிற் பயறு, உழுந்து, கௌபி விதைப்போர் நீரையும் சேமிப்பர், அவற்றின் கொடியையும் மாட்டுக்குக் கொடுப்பர்.

மெதுவாக இறங்குவது நல்லதென்றால் இறங்காமலே நிற்பது இன்னும் நல்லதென்று எவரும் கருதவேண்டாம். ஒன்று அல்லது இரண்டு அடி ஆழத்தில், மாதக்கணக்காக ஒரே மட்டத்தில் நீர் நிற்குமிடத்திலே புல் நிலைப்பதில்லை. அங்கே சம்பும் கோரையும் தாமரையும் ஆட்சி செய்யும். சம்பு ஒருமுறை அடர்ந்துவிட்டால் அதைக் களைவது பெருஞ் செலவு. அதற்கிடையிற் சேறும் தேங்கிக் குளம் ஆழம் குறைகின்றது. ஆண்டில் ஒரு பகுதி அமிழ்ந்தும், மறு பகுதி வெளிப்பட்டும் இருப்பதே தாழ்நிலப் புற்றரையின் இயல்பு. மகாவலியின் கீழ்ப்பகுதியில், பொலன்னறுவைக்கும் கடலுக்கும் இடையே ‘வில்லு’ எனப்படும் பெரும் புல்வெளிகள் உள்ளன. ஆற்று வெள்ளம் ஏறியிறங்குவதனாலேயே அவை உண்டாயின. கோடையில் எருமைக்கும் யானைக்கும் உணவளித்தன. 1970 களிலும் 1980 களிலும் ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் எழுந்தபின் அங்கு வெள்ளத்தின் அளவும் காலமும் மாறின. அணை கட்டியோர் நெல்லையும் மின்சாரத்தையும் கணக்கிட்ட அளவுக்குப் புல்லைக் கணக்கிடவில்லை என்பது என் அபிப்பிராயம். நம் சிறுகுளத்திலே அந்தக் கணக்கை நாமே பார்க்கக்கூடிய வசதி இருக்கின்றது.

அமிழ்ந்த புல் அழுகிவிடாதோ என்ற ஐயம் எழலாம். எல்லாப் புல்லும் தாங்குவதில்லை. கினிப்புல்லையும், இப்போது பலர் வளர்க்கும் சீஓ-3 என்னும் கலப்பு நேப்பியரையும் நீர் தேங்கும் தரையில் நட்டு ஏமாறவேண்டாம். நீரால் மூடப்பட்ட மண்ணிற் காற்றுப் புகாது. காற்றின்றி அவற்றின் வேர் அழியும். அவற்றைக் கிணற்றடியிலும் வரம்பிலும் நடுக. சேற்றைத் தாங்கும் நீர்ப்புல்லைத் துருசுக்குக் கீழே கசிவு நீர் நிற்கும் மூலைகளில் நடலாம். ஆயின் அது வாய்க்காலிற் பரவி நீரோட்டத்தைத் தடுக்காதவாறு அடிக்கடி வெட்டவேண்டும். அலைகரைக்குத் தகுந்தது நம் அறுகே. சீனாவில் யாங்சி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட மூன்று மலையிடுக்கு அணையின் நீர்த்தேக்கத்தில், நீர்மட்டம் ஆண்டுதோறும் 145 மீற்றருக்கும் 175 மீற்றருக்கும் இடையே ஏறியிறங்குகின்றது. அக்கரையில் மாதக்கணக்காக மூழ்கியிருந்தபின்னும் மீண்டும் தளிர்க்கும் தாவரங்களுள் அறுகு முக்கியமானதென அங்கு ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லின் பெருமை அவ்வளவு தூரம் சென்றிருக்கின்றது.

எனினும் அறுகு உயிர் தாங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீருக்குள் இருக்கும் மாதங்களில் அது தன் தண்டிலும், மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டிலும் முன்னரே சேர்த்துவைத்த மாச்சத்தைக்கொண்டே உயிர் வாழ்கின்றது. மாரி தொடங்குமுன் அதனை மண்ணோடு மண்ணாக மாடு கடித்துவிட்டால் அச்சேமிப்பு இல்லாமற் போகும். தையிலே நீர் இறங்கும்போது அங்கே சேறுதான் இருக்கும். ஆகையாற் புரட்டாதி நடுப்பகுதியிலிருந்து முதல் மழை வரை, அலைகரையின் ஒரு பாதியையாவது மாடு மேயாது விட்டுவைத்தல் வேண்டும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்பதை நான் அறிவேன். புரட்டாதிதானே தீனிக்கு மிகப் பஞ்சமான மாதம்.

அதற்குரிய வழி வைக்கோல். மாசி வெட்டின்போது சூடடித்த வைக்கோலை வயலில் எரிப்பவர், புரட்டாதிப் புல்லை எரிப்பவராவர். மழைபடாமற் போர் போட்டுக் காத்து வைத்த வைக்கோலை யூரியா கொண்டு பதப்படுத்தினால் அதன் சத்து உயரும், மாடும் விரும்பியுண்ணும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரிற் கரைத்து, வைக்கோலைத் தட்டுத் தட்டாகப் பரப்பி ஒவ்வொரு தட்டுக்கும் சமமாகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி பொலித்தீன் விரிப்பால் மூடி 10 நாள் வைக்கவும். கொடுக்குமுன் சிறிது நேரம் காற்றாட விரித்துக் காரமணம் போனபின் கொடுக்கவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதனைக் கொடுக்கலாகாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் வாளியையும் எஞ்சிய கரைசலையும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

அடுத்து, ஈரத்தரையில் மாட்டை எப்பொழுது இறக்கலாம் என்பது. நீர் இறங்கிய மறுநாளே பட்டியைக் கீழே விடுவது பலரது வழக்கம். ஈரக் களியை மாட்டின் குளம்பு மிதித்தால் ஓடுதண்டு அறுந்து சேற்றுக்குள் புதையும். குளம்புக் குழிகளில் நீர் நின்று வேர் அழுகும். பின்னர் காயும்போது அக்குழிகள் கல்லாக இறுகி, அவ்விடத்தில் அவ்வாண்டு முழுவதும் புல் வராது. சோதிப்பதற்கு ஓர் எளிய வழி சொல்லுகின்றேன். செருப்பின்றி நின்று குதிக்காலை ஊன்றி அழுத்துங்கள். குதிக்கால் இரண்டு அங்குலத்துக்கு மேற் புதைந்தால், அல்லது சுவட்டில் நீர் ஊறினால், மாட்டை இறக்கும் நாள் இன்னும் வரவில்லை. எருமைக்குச் சேறு இன்றியமையாதது; அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் மற்றைய தரை பிழைக்கும்.

ஈரத்தரையிற் காத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீரோரத்து நத்தைகளின் உடலிலே தட்டைப்புழுக்கள் ஒரு பருவத்தைக் கழிக்கின்றன. அங்கிருந்து வெளிவரும் குஞ்சுகள் நீரிலும் நீர்விளிம்பிலுமுள்ள புல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புல்லை மேயும் மாட்டின் இரைப்பையிலும் ஈரலிலும் அவை வளர்ந்து, கழிச்சலையும் மெலிவையும் உண்டாக்கும். கன்றுகள் இறத்தலும் கூடும். நீர்விளிம்பை ஒட்டிய பத்துப் பதினைந்து அடிப் புல்லை விலக்கி, காய்ந்த மேற்பட்டையில் மேய்த்தால் இவ்வாபத்துப் பெரிதும் குறையும். கோடை முடிவில் மெலிந்த கன்றுகளைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் புழுமருந்தைக் கொடுப்பது நன்று.

இனிக் குளத்தின் அடித்தட்டில் எஞ்சும் கடைசி நீரைப்பற்றிச் சொல்லவேண்டும். இதிலே மரக்கறிக் கமக்காரர் சிலர் என்மேற் கோபங்கொள்ளக்கூடும். ஆடி, ஆவணியிற் குளத்துக்குள்ளேயே இயந்திரத்தை வைத்துக் கடைசி நீரை மிளகாய்க்கு இறைப்பதால் மாடு குடிக்கவும் நீரற்றுப் போகின்றது என்பது பட்டிக்காரரின் முறைப்பாடு. மாடு எவ்வளவு குடிக்கின்றது என்று பாருங்கள். மாடொன்று நாளுக்கு 40 லீற்றர் குடிப்பதாகக் கொண்டால் 100 மாட்டுக்கு 4,000 லீற்றர். ஆனால் ஓர் ஏக்கர் பரப்பிலே தேங்கிக் கிடக்கும் நீரிலிருந்து வெய்யிலும் காற்றும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் குடித்தாற்கூட, அது 20,000 லீற்றராகும். நூறு மாடு குடிப்பதிலும் ஐந்து மடங்கைச் சூரியன் குடிக்கின்றது! எனவே கடைசி நீரைப் பரந்த தட்டில் விட்டுவைப்பதிற் பயனில்லை. வரண்ட ஆண்டொன்றிற் குளத்தின் ஆழமான பகுதியில், கட்டின் அடிவாரத்திலிருந்து போதிய தூரம் விலகி, ஒடுங்கிய ஆழக்குழியொன்றைத் தோண்டி அதில் நீர் தங்கும்படி செய்தால், மாட்டுக்கும் மீனுக்கும் மழை வரும் வரை போதும். தோண்டுவதற்குமுன் கமநல சேவைகள் நிலையத்து உத்தியோகத்தரைக் கேட்டுக்கொள்ளுதல் அவசியம்; கட்டுக்கு அண்மையில் தோண்டினாற் கட்டே பலவீனப்படும். தோண்டிய வண்டல் மண் தோட்டத்துக்கு நல்ல பசளை. ஆகவே மரக்கறிக்காரரும் முற்றாக நட்டப்படப்போவதில்லை. குளத்தில் நீர் நிற்கும் வரைக்கும் உங்கள் கிணற்றிலும் நீர் நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குளத்தை இறைத்தவர் ஒரு மாதம் கழித்துத் தம் கிணற்றின் அடியைப் பார்க்க நேரிடும்.

பட்டியின் எருவைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஒரு வண்டி மாட்டெருவுக்காக எத்தனை பேர் எத்தனை வீட்டுப் படலையிற் காத்து நின்றார்கள் என்பது உங்களுக்கு மறந்திராது.

நீர்மட்டத்தைத் தன்னிச்சையாக மாற்றும் இரண்டு பழக்கங்கள் உள்ளன, இரண்டும் கொடியவை. ஒன்று, கலிங்கின்மேல் மண்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவது. அரை அடி நீர் கூடக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் நான் முன் சொன்ன சாய்வின்படி அந்த அரை அடி, மேலே 100 அடி அகலமான புற்றரையை மூழ்கடிக்கும். அதற்கு அப்பாலுள்ள மரங்களின் வேரையும் அழுகச் செய்யும். குளத்துக்குள் வரும் வெள்ளத்திலுள்ள வண்டலைத் தடுத்து நிறுத்துவது அம்மேற்கரைப் புல்லும் மரமுந்தான். அவை அழிந்தாற் குளம் விரைவிலே தூர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வான் பாயவேண்டிய வெள்ளத்துக்கு வழியில்லையானால் அது கட்டைத் தேடும். 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த மழையின்போது சிறுகுளங்கள் பட்ட பாட்டை நாமறிவோம். அத்தகைய மழைக்குமுன் கலிங்கில் மண்மூட்டை இருப்பது ஊருக்கே ஆபத்து.

மற்றையது, அலைகரையைப் பிடித்துப் பயிரிட்டவர்கள் தம் பயிர் மூழ்காதிருக்க இரவில் துருசைத் திறந்துவிடுவது. குளத்தின் உட்தரை எவருக்கும் சொந்தமன்று. அங்கே பயிரிடச் சட்டம் இடமளிப்பதில்லை. அதனினும் பெரிய விஷயம், உழுத தரையின் மண் முதல் மழையிலே கரைந்து குளத்தடியிற் படிகின்றது. அறுகின் கிழங்குத் தண்டும் உழவில் அறுபட்டுக் காய்கின்றது. ஒருவர் எடுத்த ஒரு ஏக்கர் வெள்ளரிக்காய்க்காக ஊர்முழுதும் மேய்ச்சலையும் நீரையும் இழக்கின்றது. இவ்விடயத்திற் பட்டிக்காரரும் வயற்காரரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்க, தரை மாத்திரம் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றது.

இவையனைத்தும் தனியொருவராற் செய்யக்கூடியனவல்ல. போகத்துக்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைக்கும் நாள், நீர் திறக்கும் நாள், மாடுகளை வயலிலிருந்து வெளியேற்றும் நாள் ஆகியன தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால் வெளியேற்றிய மாடு எங்கே போவது என்று அக்கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை; பட்டிக்காரர் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவதுமில்லை. அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்குப் பட்டிக்காரரையும் அழையுங்கள். குளத்து நீர் ஒவ்வொரு மாத முடிவிலும் எந்த மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதை நெல்லின் தேவையோடு சேர்த்து அவர்களையும் வைத்துக்கொண்டு பேசித் தீர்மானித்து, கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். சிறுபோகம் விதைக்க நீர் போதாத ஆண்டிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்; அப்போது ஆவியாதலும் கசிவுமே நீரை இறக்குமாதலால், பட்டைகளை எவ்வொழுங்கில் மேய்ப்பது என்பது மட்டுமே பேச்சாகும்.

மட்டத்தைப் பேசுவதற்கு மட்டம் தெரியவேண்டும். துருசின் பக்கச் சுவரில் அடியும் அங்குலமும் குறித்த அளவுகோல் இல்லாத குளங்களில், பாலைக் குற்றியொன்றைச் செதுக்கி அடிக்கணக்கை வெட்டிக் குறித்து, நீர் குறைந்த இப்பருவத்திலேயே துருசுக்கு அருகில் ஆழமாக நட்டுவிடலாம். கலிங்கின் தலைமட்டமும் துருசின் அடிமட்டமும் அதிற் சிவப்பு மையாற் காட்டப்படுதல் வேண்டும். கிழமைக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமையென வைத்துக்கொண்டால் மறவாது, கமக்காரர் அமைப்பின் செயலாளர் மட்டத்தைப் பார்த்து ஒரு கொப்பியிற் குறித்துவைக்கட்டும். அன்று நீரோரம் எந்த மரத்தடியில் நின்றது, எப்பட்டையில் மாடு மேய்ந்தது என்பதையும் அதே வரியில் எழுதிவைத்தால், இரண்டு ஆண்டுகளில் உங்கள் குளத்தின் சாய்வு 200 அடிக்கு ஒன்றா, 150 அடிக்கு ஒன்றா என்பது தானே தெரியவரும். குற்றி நடுவதற்கு உதவி வேண்டுவோர் தங்கள் குளத்தின் பெயரைக் கூட்டம் கலையுமுன் என்னிடம் கொடுத்துச் செல்லலாம்.